தட்டச்சில் வந்த சொற்கள் குழந்தையுடையவையா? ஆட்டிசம் ஆய்வுகளை வாசிக்க ஒரு வழிகாட்டி

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய 100-க்கு 25 முதல் 30 பேர் பள்ளி வயதை எட்டிய பிறகும் பேசுவதில்லை, அல்லது விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்களையே பேசுகிறார்கள். அத்தகைய குழந்தையின் பெற்றோருக்கு உறவினரிடமிருந்தோ வாட்ஸப் குழுவிலிருந்தோ ஒரு நாள் ஒரு காணொளி வந்து சேர்கிறது. அதில் பேசாத சிறுவன் ஒருவன், அருகில் அமர்ந்திருப்பவர் ஏந்திப் பிடித்த எழுத்துப் பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு, தன் மனத்தில் உள்ளதை நீண்ட வாக்கியங்களாகச் சொல்கிறான். அதைப் பார்த்ததும் நம் குழந்தைக்கும் இது வாய்க்காதா என்று ஏங்குவது இயல்பு. ஆனால் பணத்தையும் குழந்தையின் வளரும் பருவத்தையும் அதற்கென ஒதுக்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேடியாக வேண்டும். அந்த வாக்கியங்களை எழுதியவர் சிறுவனா, பலகையைப் பிடித்திருந்தவரா? 30 ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்கள் இக்கேள்வியைச் சோதித்து வருகிறார்கள். அந்த ஆய்வுகளில் எதைப் பார்க்க வேண்டும், எதை வைத்து முடிவுக்கு வரலாம், ஒரு பயிற்சி மையத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதைப் பெற்றோருக்கும் சிறப்புப் பள்ளி ஆசிரியர்களுக்கும் கூடியவரை தெளிவாகச் சொல்ல இங்கே முயல்கிறேன்.

எந்த முறை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பெயர்கள் பலவாக இருப்பதாலேயே பலர் குழம்பிப் போகிறார்கள். ஃபெசிலிடேட்டட் கம்யூனிகேஷன் என்னும் முறையில் துணையாளர் குழந்தையின் கையையோ மணிக்கட்டையோ முழங்கையையோ தாங்கிப் பிடித்திருக்க, குழந்தை விசைப்பலகையில் தட்டச்சு செய்யும். இது 1970-களில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ரோஸ்மேரி கிராஸ்லி என்பவரின் பணியிலிருந்து தோன்றியது. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் பிக்லன் 1990-இல் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்ட பின்னர், அமெரிக்கா முழுவதும் சில ஆண்டுகளுக்குள் பரவியது. ரேபிட் ப்ராம்ப்டிங் மெத்தட் என்பதை சோமா முகோபாத்யாய் இந்தியாவில் தம் மகனுக்குக் கற்பிக்கும்போது உருவாக்கி, பின்னர் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். இதில் துணையாளர் குழந்தையைத் தொடுவதில்லை. பலகையைக் கையில் ஏந்தியபடி, இடைவிடாத சொற்களாலும் சைகைகளாலும் குழந்தையைத் தூண்டுவார். ஸ்பெல்லிங் டு கம்யூனிகேட் என்ற பெயரில் இப்போது பரவிவரும் முறையும் ஏறத்தாழ இதே வகையைச் சேர்ந்தது.

இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத வேறொரு வகையும் உண்டு. படங்களைத் தொட்டால் பேசும் டேப்லெட் செயலிகளும், குழந்தை தானே எடுத்து நீட்டும் பட அட்டைகளும் அந்த வகை. அங்கும் பெரியவர்கள் பழக்கிவிடுகிறார்கள், தொடக்கத்தில் கைபிடித்தும் காட்டுகிறார்கள். ஆனால் அந்த உதவி படிப்படியாகக் குறைந்து, கடைசியில் குழந்தை தனியாகவே தேர்ந்தெடுக்கிறது. ஆகவே எந்த முறையானாலும் அதன் பெயரை ஒதுக்கிவிட்டு, துணையாளர் எழுந்து அறையின் மறுமுனைக்குப் போய்விட்டால் குழந்தையிடம் எஞ்சியிருப்பது என்ன என்று கேளுங்கள்.

துணையாளர் பொய் சொல்கிறார் என்று எண்ணாதீர்கள்

இத்துறையின் ஆய்வுகளைப் புரிந்துகொள்ள மிகத் தேவையான செய்தி இதுதான் என்று நான் கருதுகிறேன். துணையாளர்களில் மிகப் பெரும்பாலோர் நேர்மையானவர்கள். தாங்கள் வழிநடத்துகிறோம் என்பதை அறியாமலே வழிநடத்துகிறார்கள். மனத்தில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தால் உடல் மிகச் சிறிய அளவில் அதற்கேற்ப அசைகிறது, அசைத்தவருக்கோ அது தெரிவதில்லை. 1853-இல் மைக்கேல் ஃபாரடே இதை அழகாகக் காட்டினார். ஆவிகள் மேசையை நகர்த்துவதாக நம்பிக் கைவைத்து அமர்ந்திருந்தவர்கள், தங்கள் கைகளே அதைத் தள்ளுவதை உணராமல் தள்ளினார்கள் என்பதை எளிய கருவி ஒன்றைக் கொண்டு அவர் நிறுவினார். 1907-இல் பெர்லினில் ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்னும் உளவியலாளர், கணக்குப் போடுவதாகப் புகழ்பெற்ற ஹான்ஸ் என்ற குதிரையை ஆராய்ந்தார். கேள்வி கேட்பவருக்கு விடை தெரிந்திருந்தால் குதிரை சரியாகக் குளம்பைத் தட்டியது, அவருக்கே விடை தெரியாதபோது தவறியது. கேட்பவரின் தலையிலும் உடலிலும் தம்மையறியாமல் எழுந்த நுண்ணிய அசைவுகளைத்தான் குதிரை படித்துக்கொண்டிருந்தது. ஹான்ஸின் உரிமையாளரும் எவரையும் ஏமாற்றவில்லை.

குழந்தையைக் குதிரையோடு ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. சோதிக்கப்படுவது துணையாளரின் பங்கே தவிர, குழந்தையின் அறிவு அன்று. குழந்தைக்கு எவ்வளவு புரிகிறது என்பது தனிக் கேள்வி. ஆய்வுக் கட்டுரையை வாசிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பாருங்கள், பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

சோதனை எப்படி நடக்கிறது

எழுதியவர் யார் என்பதைக் கண்டறியும் சோதனையின் அடிப்படை மிக எளியது. குழந்தைக்குத் தெரிந்து, துணையாளருக்குத் தெரியாத ஒரு செய்தி வேண்டும். அச்செய்தி தட்டச்சில் வந்தால் எழுதியது குழந்தை. வராமல், துணையாளருக்கு மட்டும் தெரிந்த செய்தி வந்தால் எழுதியது துணையாளர்.

நடைமுறையில் குழந்தையும் துணையாளரும் அருகருகே அமர்ந்திருப்பார்கள், நடுவே ஒரு தடுப்பு இருக்கும். ஒருவர் பார்க்கும் படம் மற்றவருக்குத் தெரியாது. சில சுற்றுகளில் இருவருக்கும் ஒரே படம், எடுத்துக்காட்டாகச் சாவி, காட்டப்படும். வேறு சில சுற்றுகளில் குழந்தைக்குச் சாவியும் துணையாளருக்குக் குடையும் காட்டப்படும். எந்தச் சுற்றில் படங்கள் வேறுபடுகின்றன என்பது துணையாளருக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் என்ன பார்த்தாய் என்று கேட்டு, வழக்கம்போலக் கைதாங்கித் தட்டச்சு செய்ய விடுவார்கள். ஒரே படம் காட்டிய சுற்றுகளில் சாவி என்று சரியாக வருவதால், அறையின் சூழலோ பதற்றமோ தட்டச்சைத் தடுக்கவில்லை என்பது உறுதியாகிறது. படங்கள் வேறுபட்ட சுற்றில் குடை என்று வந்தால், அச்சொல் குழந்தையிடமிருந்து வந்திருக்க வழியே இல்லை.

நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில் இயங்கிய ஓ. டி. ஹெக் மையத்தில் டக்ளஸ் வீலரும் உடன் பணியாற்றியவர்களும் நடத்தி 1993-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகையில் முன்மாதிரியானது. ஆட்டிசம் உள்ள 12 பேரும் துணையாளர்கள் 9 பேரும் அதில் பங்கேற்றார்கள். அந்த மையத்தில் இம்முறையை ஏற்கெனவே பயன்படுத்தி வந்தார்கள், அது பயனளிக்கிறது என்ற நம்பிக்கையும் அங்கே இருந்தது. ஆனால் பங்கேற்றவருக்கு மட்டும் காட்டப்பட்ட படங்களின் பெயர்கள் தட்டச்சில் வரவில்லை, துணையாளர் பார்த்த படங்களின் பெயர்களே வந்தன. தங்கள் நம்பிக்கைக்கு எதிரான முடிவு கிடைத்தபோதும் அதை அவர்கள் மறைக்காமல் வெளியிட்டார்கள் என்பதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அதே காலத்தில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பேசாத ஒரு பெண்ணின் பெயரால் வந்த தட்டச்சு அவளுடைய குடும்பத்தார் மீதே பாலியல் குற்றம் சாட்டியது. பாஸ்டன் நகர வல்லுநர் ஹோவர்ட் ஷேன் நடத்திய சோதனையில், சொற்கள் துணையாளரிடமிருந்தே வந்தவை என்று தெரிந்தது. அத்துணையாளர் ஜானிஸ் பாய்ன்டன் அம்முடிவை ஏற்று, தாம் செய்துவந்ததைக் கைவிட்டார். பின்னர் 2012-இல் தம் அனுபவத்தை ஆய்விதழ் ஒன்றில் வெளிப்படையாக எழுதினார். இந்த முறையை முயன்று பார்ப்பதில் என்ன நட்டம் என்று கேட்பவர்கள் இந்நிகழ்வைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்டுரையைக் கையில் எடுத்ததும்

நம்பிக்கை தரும் முடிவோடு ஒரு கட்டுரை உங்களுக்கு அனுப்பப்பட்டால், சுருக்கத்தையும் முடிவுரையையும் தள்ளிவைத்துவிட்டு ஆய்வுமுறைப் பகுதிக்கு நேரே போங்கள். துணையாளருக்கு விடை தெரியாமல் இருந்ததா என்பதை அங்கே தேடுங்கள். அப்படி ஒரு வாக்கியமே இல்லையென்றால், அந்தக் கட்டுரை வேறு எதைச் சொன்னாலும் எழுதியவர் யார் என்ற கேள்விக்கு விடை சொல்லவில்லை. விடை மறைக்கப்பட்டிருந்தால் அடுத்தடுத்த ஐயங்களையும் எழுப்புங்கள். விடையை அறிந்த வேறொருவர் அதே அறையில் இருந்தாரா? சொற்கள் முன்கூட்டியே தெரிந்த ஒரு பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவையா? அப்படியானால் ஊகித்தே சரியாகச் சொல்ல எவ்வளவு வாய்ப்பு உண்டு? பாதி எழுத்துகள் பொருந்தினால் அதையும் சரி என்று கணக்கிட்டார்களா? 1996-இல் கார்டினலும் உடன் ஆய்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு, 43 மாணவர்களிடம் ஒற்றைச் சொற்களைக் கொண்டு சோதித்து, துணையாளரின் உதவியோடு சிலர் சரியான விடை தந்ததாகச் சொன்னது. இம்முறையை ஆதரிப்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆய்வு இது. அதை வாசிக்கும்போது மேற்சொன்ன ஐயங்களை வரிவரியாக வைத்துப் பாருங்கள். வெவ்வேறு குழுக்கள் இறுக்கமான கட்டுப்பாடுகளோடு செய்த சோதனைகளின் முடிவுகளுக்கு எதிரே இதை மட்டும் நிறுத்தி முடிவெடுக்க முடியாது.

ஆய்வின் முடிவில் கட்டுரை ஆசிரியர்களுக்குச் சொந்த நலன் உண்டா என்று சொல்லும் நலன் முரண் அறிவிப்பையும் பாருங்கள். அந்த முறையில் பயிற்சி வகுப்பு நடத்துபவர், அதற்கான மையத்தை நிறுவியவர், அதே முறையைக் கையாளும் குழந்தையின் பெற்றோர் ஆகியோர் ஆசிரியர்களாக இருப்பது தவறன்று. ஆனால் அது அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும்.

வேறு வழியில் நிறுவ முயலும் ஆய்வுகள்

இங்கேதான் வாசகர் அதிகம் தடுமாறுகிறார், எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன். விடையை மறைத்துச் சோதிக்காமல், எழுத்து நடையை அளந்து எழுதியவரைக் கண்டறிய முயலும் ஆய்வுகள் உண்டு. தட்டச்சில் வந்த சொல்வளமும் இலக்கணப் பிழைகளும் துணையாளரின் எழுத்திலிருந்து வேறுபடுகின்றன, ஆகவே எழுதியது குழந்தையே என்பது அவற்றின் வாதம். நடையளவியல் மதிப்புமிக்க துறைதான். அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு ஆதரவாக 18-ஆம் நூற்றாண்டில் புனைபெயரில் வெளியான 85 கட்டுரைகளில், எழுதியவர் ஹாமில்டனா மேடிசனா என்று சர்ச்சைக்குள்ளான 12 கட்டுரைகளைப் புள்ளியியலாளர்களான மோஸ்டெல்லரும் வாலஸும் 1964-இல் இதே முறையில் ஆராய்ந்து, அவை மேடிசனுடையவை என்று காட்டினார்கள். ஆங்கிலத்தில் 'அப்பான்' (upon) என்ற சிறு சொல்லை ஹாமில்டன் ஆயிரம் சொற்களுக்கு ஏறத்தாழ மூன்று முறை பயன்படுத்தினார், மேடிசனிடம் அது மிக அரிது. இத்தகைய சொற்களின் எண்ணிக்கைகளே அவர்களுக்குச் சான்றாகின.

ஆனால் அது இயன்றதற்கு ஒரு காரணம் உண்டு. ஹாமில்டன், மேடிசன் இருவரும் தாமே எழுதினார்கள் என்று ஐயமின்றித் தெரிந்த எழுத்துகள் ஒப்பிட்டுப் பார்க்க ஏராளமாக இருந்தன. பேசாத குழந்தை துணையின்றி எழுதிய ஒரு பக்கம்கூட நம்மிடம் இல்லை. அப்படி ஒரு பக்கம் இருந்தால் இந்த விவாதமே எழாது. மேலும், வேறொருவரின் குரலாக எண்ணிக்கொண்டு எழுதும்போது எவருடைய நடையும் மாறும் என்பது கதை எழுதியவர்களுக்குத் தெரியும். ஆகவே தட்டச்சின் நடை துணையாளரின் வழக்கமான நடையிலிருந்து வேறுபடுவது, குழந்தையே எழுதியதற்குச் சான்றாகாது.

கண் அசைவை அளந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் விக்ரம் ஜஸ்வாலும் உடன் ஆய்ந்தவர்களும் 2020-இல், பேசாத 9 பேர் எழுத்துப் பலகையைப் பயன்படுத்தும்போது தலையில் அணியும் கருவியால் அவர்களின் பார்வையைப் பதிவுசெய்தார்கள். சுட்டுவதற்குச் சற்று முன்பாகவே அவர்களின் கண்கள் உரிய எழுத்துக்குப் போய்விடுகின்றன என்று கண்டார்கள். பலகையை அப்போதும் துணையாளரே பிடித்திருந்தார், துணையாளருக்கு விடை தெரியாத சூழல் அதில் இல்லை. பலகையின் மிகச் சிறிய அசைவு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்கும் குறிப்புக் கொடுக்கக்கூடும். எழுத்தின் மேல் கண் விழுந்தது என்பதை அந்த ஆய்வு காட்டுகிறது, ஏன் விழுந்தது என்பதைக் காட்டவில்லை.

இதே ஆய்வாளர்கள் சிலர் 2024-இல் வெளியிட்ட வேறோர் ஆய்வை நான் மதிப்போடு குறிப்பிட விரும்புகிறேன். பேசாத 31 பேர் ஐபேட் திரையில் ஒளிரும் எழுத்துகளைத் தாமே தொட்டார்கள். சற்று முன் கேட்ட வாக்கியத்தின் எழுத்து வரிசையில் ஒளிர்ந்தபோது, பொருளற்ற குறியீடுகள் ஒளிர்ந்ததைக் காட்டிலும் விரைவாகத் தொட்டவர்கள் பலர். பேசாதவர்களில் சிலருக்கு எழுத்துக்கூட்டும் அறிவு நாம் நினைப்பதைவிட அதிகம் இருக்கலாம் என்பதை இது உணர்த்துகிறது. துணையாளரின் கையில் இருக்கும் பலகையில் வரும் வாக்கியங்கள் யாருடையவை என்பதை இது சோதிக்கவில்லை. முன்னதை நம்பிக்கையோடு வரவேற்கலாம். அதைக் காட்டிப் பின்னதற்கும் சான்று கிடைத்துவிட்டதாகச் சொல்வோரை மட்டும் நிறுத்திக் கேளுங்கள்.

தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது

தனித்தனி ஆய்வுகளை வாசிக்க நேரமில்லாதவர்கள் தொகுப்பாய்வுகளை வாசிக்கலாம். மோஸ்டர்ட் 2001-இலும் 2010-இலும், ஷ்லோசரும் உடன் ஆய்ந்தவர்களும் 2014-இலும் ஃபெசிலிடேட்டட் கம்யூனிகேஷன் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தார்கள். கட்டுப்பாடு இறுகிய ஆய்வுகளில் சொற்கள் துணையாளருடையவை என்பதே தெரிந்தது. ரேபிட் ப்ராம்ப்டிங் மெத்தட் பற்றிய 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், ஏற்கத்தக்க தரமுள்ள ஓர் ஆய்வுகூடக் கிடைக்கவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 1994-இலேயே ஃபெசிலிடேட்டட் கம்யூனிகேஷனுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது. பேச்சுப் பயிற்சி வல்லுநர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷா 2018-இல் இவ்விரு முறைகளையும் பரிந்துரைக்க மறுத்து அறிக்கைகள் வெளியிட்டது.

இந்த வாதத்தில் ஒரு மறுப்பைப் பொறுமையோடு கேட்க வேண்டும். சோதனை என்பதே குழந்தையின் மீது அவநம்பிக்கை, அந்தப் பதற்றத்தில் எவரும் தடுமாறுவார்கள் என்று சொல்லப்படுகிறது. பதற்றத்தால் தடுமாறினால் எழுத்துகள் சிதறும், அல்லது விடையே வராது. துணையாளர் மட்டும் பார்த்த படத்தின் பெயர் பிழையின்றி வருவதற்குப் பதற்றம் காரணமாக முடியாது. மேலும், தன் பெயரால் இன்னொருவர் பேசிவிடாமல் காக்கப்படுவது எந்தக் குழந்தைக்கும் உள்ள உரிமை. மறுத்துச் சொல்ல வாயில்லாத குழந்தைக்கு அது கூடுதலாகவே தேவை.

காணொளியைப் பார்க்கும்போதும் மையத்துக்குப் போகும்போதும்

காணொளியின் ஒலியை நிறுத்திவிட்டு முதலில் பலகையை மட்டும் பாருங்கள். விரல் வரும் நேரத்தில் பலகை முன்னோக்கி நகர்கிறதா, சாய்கிறதா, தவறான எழுத்தை விரல் நெருங்கும்போது விலக்கப்படுகிறதா என்று கவனியுங்கள். அடுத்த முறை குழந்தையின் கண்களை மட்டும் பாருங்கள். கண்கள் ஜன்னல் பக்கம் இருக்க ஒற்றை விரல் மட்டும் எழுத்துகளைத் தேடிப்போவதை நீங்கள் காணக்கூடும். பார்க்காமல் தட்டச்சு செய்யப் பத்து விரல்களும் விசைகளின் மேல் நிலையாக இருக்க வேண்டும், காற்றில் ஏந்திய பலகையில் ஒரு விரலால் அது இயலாது. காட்சி எத்தனை முறை வெட்டப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம்.

மையத்தில் பணிவாகவும் நேராகவும் கேளுங்கள். பலகையை மேசை மேல் நிறுத்திவைத்து, துணையாளர் பின்னால் விலகி நிற்க, குழந்தை எழுதுமா? துணையாளர் இல்லாத நேரத்தில் நான் குழந்தைக்கு ஒரு பொருளைக் காட்டுகிறேன், பிறகு அவர் வந்ததும் அது என்னவென்று கேட்கலாமா? இதற்குக் கட்டணமோ கருவியோ தேவையில்லை, ஐந்து நிமிடம் போதும். எத்தனை மாதங்களில் துணை விலகும் என்பதற்கு எழுத்து வடிவில் திட்டம் கேளுங்கள். இப்போது வேண்டாம், நம்பிக்கை வளரட்டும் என்ற பதில் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே பணம் கட்டுவதை நிறுத்திவையுங்கள்.

நிறுத்திவைப்பதோடு குழந்தையின் தேவை தீர்ந்துவிடாது. ஆன்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்ட்டும் 1985-இல் டெலவேர் மாநிலத்தில் உருவாக்கிய பட அட்டைப் பரிமாற்ற முறையில், தண்ணீர் வேண்டுமென்றால் குழந்தையே தண்ணீர்ப் படத்தை எடுத்து உங்கள் கையில் வைக்கும். கோனி கசாரியும் உடன் ஆய்ந்தவர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மிகக் குறைவாகப் பேசிய, 5 முதல் 8 வயதுக்குட்பட்ட 61 குழந்தைகளில், விளையாட்டோடு கூடிய பயிற்சியில் பேசும் கருவியையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொண்ட குழுவினர் தாமாகப் பேச்சில் வெளிப்படுத்தியது கூடுதலாக இருந்தது. சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழிலும் படங்களைத் தொட்டுப் பேசலாம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களில் குழந்தையின் தொடர்புத் திறனை மதிப்பிட்டு எது பொருந்தும் என்று கேட்டறியலாம்.

எதைத் தொடங்கினாலும் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதிவாருங்கள். குழந்தை இன்று எதைக் கேட்டது, எந்தப் படத்தைத் தொட்டது, அப்போது யார் அருகில் இருந்தார், அவர் கை எங்கே இருந்தது என்ற நான்கு செய்திகள் போதும். மூன்று மாதம் கழித்துப் பேச்சுப் பயிற்சியாளரைச் சந்திக்கும்போது அந்த நோட்டை எடுத்துச் செல்லுங்கள்.